இந்து சமுத்திர வானில் ஓர் இடைவெளி

காற்று ஆண்டில் இருமுறை தன் திசையை முற்றாக மாற்றிக்கொள்ளும் இயல்பிலே பெருங்கடல்களுள் இந்து சமுத்திரத்துக்கு நிகராவது வேறில்லை. வாடை, சோளகம், கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குத் திசை வாரியாகப் பெயரிட்டு, அப்பெயர்களையே காலக்கணக்காகவும் கொண்டு வத்தையும் தோணியும் செலுத்திய மக்கள் அதன் கரையில் வாழ்ந்தனர். அராபியரும் கூர்ச்சரரும் சோழமண்டலக் கரையினரும் அக்காற்றின் தவணையை அறிந்தே வாணிகம் நடத்தினர். காற்றறிவிலே இத்துணைத் தொன்மை வாய்ந்த கடலாயினும், மனிதன் விண்ணிலே கண்ணொன்றை நிறுத்தி முகிற்கூட்டங்களை இடையறாது நோக்கத் தொடங்கிய காலத்தில், அக்கண் கடைசியாக வந்து நிலைத்த கடலும் இதுவேயாம். அத்திலாந்திக்கு, பசிபிக்கு ஆகிய சமுத்திரங்கள் நிலையான காவலைப் பெற்றபின்னும் இதன் மேல் வானம் நெடுங்காலம் குறையுடையதாகவே கிடந்தது. அக்குறை எவ்வாறு உண்டாயிற்று, அதனை நீக்க யார் யார் முன்வந்தனர் என்பது, தம்முள் பகையும் போட்டியும் உடையனவாயிருந்தும் நாடுகள் வானிலையறிவைப் பகிர்ந்துகொண்ட வரலாற்றின் ஒரு கூறாகும்.

அப்பகிர்வு செய்மதியோடு பிறந்ததன்று. 1854ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி, கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், கருங்கடலிலே நின்ற பிரித்தானிய, பிரெஞ்சுக் கப்பல்கள் பல ஒரு புயலினால் அழிந்தன. பாரிசு வானாய்வு நிலையத்தின் தலைவரான லெவெரியே என்பார் ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் அந்நாட்களின் வானிலைக் குறிப்புக்களை வருவித்து ஆராய்ந்தார். அப்புயல் கருங்கடலில் திடீரெனத் தோன்றியதன்று, ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து கிழக்கு நோக்கி நகர்ந்தே அங்கு சென்றடைந்தது என்பது அவ்வாராய்ச்சியால் தெளிவாயிற்று. தந்தி புயலினும் விரைந்து செல்வது. ஆதலின் மேற்கே கண்டவர் கிழக்கே உள்ளவருக்கு முன்னரே அறிவித்திருத்தல் கூடும். ஓர் அரசு தன் எல்லைக்குள் எத்துணை நுட்பமாக அவதானிப்பினும், அயல்நாட்டான் கண்டதை அறியாதவரை நாளைய வானிலையைக் கூறவியலாது என்ற உண்மையை அப்போர்க்களம் கற்பித்தது. 1873ஆம் ஆண்டு செப்டெம்பரில் வியன்னா நகரிற் கூடிய முதலாவது பன்னாட்டு வளிமண்டலவியல் மாநாடும், அதன் வழிவந்த பன்னாட்டு வளிமண்டலவியல் அமைப்பும் இவ்வுண்மையின் மீது எழுந்தவை. 1950ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் திகதி நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையால் அது உலக வளிமண்டலவியல் அமைப்பு என்னும் அரசுகளின் அமைப்பாயிற்று. செய்மதி தோன்றுமுன்னரே நாடுகள் காற்றின் வேகத்தையும் மழையின் அளவையும் ஒன்றுக்கொன்று விலையின்றி அறிவித்துவந்த வழக்கம் வேரூன்றியிருந்தது. பின்னாளில் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இவ்வழக்கத்தை மறவாதிருத்தல் வேண்டும்.

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி சோவியத்து ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி அமெரிக்க ஐக்கிய நாடுகள் ரைரோஸ் 1 என்னும் முதலாவது வானிலைச் செய்மதியை ஏவின. அது 78 நாட்களே தொழிற்பட்டது. ஆயினும் 22,000க்கு மேற்பட்ட படங்களை அனுப்பியது. ஏவப்பட்டுப் பத்து நாட் கழியுமுன்னரே அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கேயுள்ள கடலில் சுழன்றுகொண்டிருந்த ஒரு சூறாவளி அப்படங்களிற் காணப்பட்டது. கப்பல் எதுவும் செல்லாத கடற்பரப்பில் உருவாகும் புயலையும் மேலிருந்து காணலாம் என்பது அன்றே உறுதியாயிற்று.

ஏவுகணைப் போட்டியின் பிள்ளையாகிய இக்கருவி கூட்டுறவின் கருவியாகவும் மாறியமை வியப்புக்குரியது. 1961 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் உரையாற்றிய அமெரிக்க சனாதிபதி கென்னடி, வானிலையை முன்னறிவதில் எல்லா நாடுகளும் கூடி உழைக்கவேண்டும் எனக் கேட்டார். அவ்வாண்டு டிசெம்பர் 20ஆம் திகதி பொதுச்சபை நிறைவேற்றிய 1721ஆம் இலக்கத் தீர்மானம் இப்பணிக்கான திட்டத்தை வகுக்குமாறு உலக வளிமண்டலவியல் அமைப்பைப் பணித்தது. அத்திட்டத்தின் முதல் வரைவை ஆக்குவதற்கு அமெரிக்கரான வெக்சுலர் என்பாரும் சோவியத்து நாட்டினரான புகாயெவ் என்பாரும் ஒருங்கிருந்து உழைத்தனர். கியூபாவில் ஏவுகணைகள் நிறுத்தப்பட்டு உலகம் அழிவின் விளிம்பில் நின்றதும் அதே 1962ஆம் ஆண்டிலேதான். அரசியல் தலைவர்கள் பேச்சை முறித்துக்கொள்ளக்கூடிய நாட்களிலும் வானிலை அறிஞர் பேச்சை முறிக்கவில்லை. தொண்ணூறாண்டுப் பழக்கத்தின் பயன் இதுவெனலாம். 1963ஆம் ஆண்டு உலக வளிமண்டலவியல் அமைப்பின் நான்காம் மாநாடு உலக வானிலைக் கண்காணிப்புத் திட்டத்தை ஏற்றது. வாஷிங்டன், மொஸ்கோ, மெல்பேண் ஆகிய மூன்று நகரங்களும் அதன் உலக மையங்களாயின. வாஷிங்டனுக்கும் மொஸ்கோவுக்குமிடையே வானிலைத் தரவுகளுக்கென 1964ஆம் ஆண்டு ஒரு தனித் தொடர்பு அமைக்கப்பட்டது. கொஸ்மொஸ் 122 என்னும் சோவியத்துச் செய்மதியின் முகிற்படங்கள் 1966ஆம் ஆண்டு அவ்வழியே சென்றன.

இதனைக் கொண்டு வல்லரசுகள் அனைத்தையும் திறந்து காட்டின என எண்ணுதல் கூடாது. அமெரிக்கப் படையினர் தமக்கெனத் தனியே வானிலைச் செய்மதிகளை அக்காலத்தில் இயக்கிவந்தனர்; அவை உண்டென்பதே 1973ஆம் ஆண்டுவரை வெளியிடப்படவில்லை. பகிரப்பட்டது எதுவோ அது பகிர்வதாற் பயன்தரும் என்று கண்டதனாலேயே பகிரப்பட்டது.

இக்காலத்து முயற்சிகளுள் சிறு நாடுகளுக்கு மிகுந்த நன்மை செய்தது, தானியங்கிப் படஞ்செலுத்தல் என்னும் முறையாகும். 1963 டிசெம்பர் 21ஆம் திகதி ஏவப்பட்ட ரைரோஸ் 8 இம்முறையை முதன்முதலிற் கொண்டிருந்தது. செய்மதி தான் எடுத்த படத்தைச் சேமித்துவைத்து ஏவிய நாட்டுக்கு மட்டும் கொடாது, தான் கடந்து செல்லும் நிலப்பரப்புக்கு நேரே வானொலி அலையாக வீசிச் செல்லும். அதற்கேற்ற அலைக்கம்பமும் ஏற்பியும் உடையவர் எவரும், எந்த நாட்டினராயினும், எவரிடமும் அனுமதி பெறாமலே தம் தலைக்கு மேலுள்ள முகில்களின் படத்தைப் பெற்றுக்கொள்ளலாம். கொடை கொடுப்பவன் பெறுபவனின் பெயரையும் கேளாத இம்முறைக்கு நிகரான தாராளத்தை அக்காலத்துப் பன்னாட்டு அலுவல்களிற் காண்பதரிது. பன்னாட்டு இந்து சமுத்திர ஆய்வுப்பயணம் நடைபெற்ற அவ்வாண்டுகளில், பம்பாய் கொலாபாவிலும் ஒரு பன்னாட்டு வளிமண்டலவியல் மையம் நிறுவப்பட்டு இக்கடலின் வானிலை ஆராயப்பட்டது.

ஆயினும் இச்செய்மதிகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அவை பூமியைத் தாழ்ந்த ஒழுக்கில் சுமார் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுவன. துருவங்களைக் கடந்து செல்லும் செய்மதியும் ஓரிடத்தை ஒரு நாளில் இருமுறையே பார்க்கும். ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் இடையிலுள்ள பன்னிரண்டு மணி நேரத்தில் சூறாவளி தன் பாதையை மாற்றலாம், வலுப்பெறலாம், கரையையும் கடக்கலாம். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் திகதியிரவு மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் அலைக்கழித்துத் தனுக்கோடியை அழித்து, பாம்பன் புகையிரதத்தை அதிலிருந்த மக்களோடு கடலிற் சேர்த்த புயலின் போது, வங்காள விரிகுடாவை இடைவிடாது நோக்கும் கண் எதுவும் வானில் இருக்கவில்லை. 1970 நவம்பர் 12ஆம் திகதி கங்கையின் முகத்துவாரத் தீவுகளைக் கடல் விழுங்கியபோது மாண்டோர் குறைந்தது மூன்று இலட்சம் பேர். அச்சூறாவளி செய்மதிப் படங்களிற் காணப்பட்டதே. கண்டது உண்மை, ஆனால் ஆபத்தின் அளவு தாழ்நிலத்துக் குடிசைகளைச் சென்றடையவில்லை. காண்பதும் அறிவிப்பதும் வேறு வேறு பணிகள் என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் இவ்வழிவைக் கொண்டே விளக்கினர்.

இடைவிடாது நோக்கவல்ல கண்ணுக்கு வேண்டிய இடம் எதுவென்பது 1945ஆம் ஆண்டிலேயே எழுத்தில் வந்துவிட்டது. நிலநடுக்கோட்டுக்கு நேரே சுமார் 35,800 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி பூமியின் சுழற்சியோடு ஒத்துச் செல்வதால், நிலத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஓரிடத்தில் நிலைத்து நிற்பதுபோலத் தோன்றும். இவ்வொழுக்கில் அஞ்சல் நிலையங்களை நிறுத்தி உலகெங்கும் செய்தி பரப்பலாம் என விரித்தெழுதிய ஆதர் சி. கிளார்க்கு, பின்னர் 1956 முதல் தன் வாழ்நாள் முடியும்வரை இலங்கையையே உறைவிடமாகக் கொண்டவர். அவ்விடத்திலிருந்து முகில்களைப் படம்பிடிக்கும் கருவியை ஆக்கியவர் விசுக்கொன்சின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுவோமி. சுழலும் செய்மதியின் சுழற்சியையே பயன்படுத்திப் பூமியை வரிவரியாகப் படிக்கும் அக்கருவி, 1966 டிசெம்பரில் ஏவப்பட்ட செய்மதியொன்றில் வைத்து அனுப்பப்பட்டது. முகில்கள் நகர்வதை மனிதன் தொடர்ந்து பார்த்தது அதன் பின்னரே. முகிலின் நகர்ச்சியை அளந்தால் காற்றின் வேகமும் திசையும் கிடைக்கும். ஆதலின் வெறுங்கடலின் மேலும் காற்றை அளக்க வழி பிறந்தது.

ஒரு செய்மதி பூமியின் ஒரு பக்கத்தையே காணும். உலகைச் சுற்றி வளைத்துப் பார்ப்பதற்கு ஐந்து வேண்டும். ஐந்தையும் தனியொரு நாடு செய்து நிறுத்துவது பெருஞ்செலவு. 1972 செப்டெம்பரில் அமெரிக்கா, யப்பான், ஐரோப்பிய விண்வெளி ஆராய்ச்சி அமைப்பு ஆகியவற்றின் பிரதிநிதிகள் வாஷிங்டனிற் கூடி, தத்தம் செய்மதிகளின் நிலையங்களையும் அலைவரிசைகளையும் ஒழுங்கு செய்துகொள்வதெனத் தீர்மானித்தனர். இக்கூட்டம் ஒப்பந்தத்தால் நிறுவப்பட்டதன்று. ஒருவரையொருவர் கட்டுப்படுத்தும் அதிகாரம் எவருக்கும் இல்லை. ஆயினும் அது இன்றளவும் கூடிவருகின்றது. சோவியத்து ஒன்றியமும் பின்னர் இதிற் சேர்ந்தது. பொறுப்புக்கள் பங்கிடப்பட்டன: அமெரிக்கா இரண்டு, ஐரோப்பா ஒன்று, யப்பான் ஒன்று. இந்து சமுத்திரத்தின் மேல் நிற்கவேண்டிய ஐந்தாவது, சோவியத்து ஒன்றியத்தின் பங்கு.

1978 டிசெம்பர் முதலாந் திகதி தொடங்கி ஓராண்டு நடைபெறவிருந்த முதலாவது உலகளாவிய வளிமண்டலப் பரிசோதனைக்கு இவ்வைந்தும் இன்றியமையாதனவாயிருந்தன. யப்பானின் செய்மதி 1977 யூலையிலும் ஐரோப்பாவின் மெற்றியோசற் 1 அவ்வாண்டு நவம்பரிலும் ஏவப்பட்டன. சோவியத்துச் செய்மதி மட்டும் வரவில்லை. காலம் நெருங்கியபோது அது குறித்த நாளில் வாராதென்பது தெரிந்துவிட்டது. பருவக்காற்றின் பிறப்பிடமாகிய கடலை விட்டுவிட்டு உலகளாவிய பரிசோதனை என்று ஒன்றை நடத்துவது பெயரளவிலான செயலாகும்.

இவ்விடத்தில் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் சிறந்த பகுதி. அமெரிக்கர் 1975ஆம் ஆண்டு ஏவிய கோஸ் 1 என்னும் செய்மதி தன் பணியைப் புதிய செய்மதிகளிடம் ஒப்படைத்து ஒதுங்கியிருந்தது. அதனை இந்து சமுத்திரத்தின் மேலே, கிழக்கு நெடுங்கோடு 58 பாகையை அண்மிய இடத்துக்கு நகர்த்துவதென முடிவாயிற்று. நகர்த்துவது கடினமன்று, ஒழுக்கைச் சிறிது மாற்றினாற் செய்மதி நாளடைவில் தானே ஊர்ந்து செல்லும். இடர்ப்பாடு வேறு. அங்கு சென்ற செய்மதி அமெரிக்க நிலத்திலிருந்து பார்க்கத் தொடுவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். அதற்குக் கட்டளையிடவும் அதன் படங்களைப் பெறவும் நிலையமொன்று வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகவரகம் ஸ்பெயின் நாட்டில் மட்றிட் நகருக்கு அண்மையிலுள்ள வில்லாபிராங்காவில் இருந்த தன் நிலையத்தைத் தந்தது. முகில்களின் நகர்ச்சியிலிருந்து காற்றைக் கணிக்கும் வேலையை விசுக்கொன்சின் பல்கலைக்கழகம் மேற்கொண்டது. ஆக, சோவியத்து ஒன்றியம் ஏற்ற பொறுப்பை, அமெரிக்கச் செய்மதி, ஸ்பெயின் மண்ணிலுள்ள ஐரோப்பிய நிலையத்தின் கட்டளைப்படி, இந்து சமுத்திர நாடுகளுக்கு மேலே நின்று நிறைவேற்றிற்று. தவறியவரைப் பழித்துக் கூட்டை உடைப்பது எளிது. வெற்றிடத்தை நிரப்பி, தவறியவருக்கும் கூட்டில் இடத்தை வைத்திருந்தமை அறிவுடைமையாகும்.

அப்பரிசோதனை தொடங்குவதற்கு ஒரு கிழமைக்கு முன், 1978 நவம்பர் 23ஆம் திகதி, மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கித் தென்னந்தோட்டங்களையும் வீடுகளையும் தரைமட்டமாக்கியது. இறந்தோர் தொகை தொள்ளாயிரத்தை எட்டியது.

பரிசோதனை ஆண்டில் கிடைத்த தரவுகள் பருவக்காற்று ஆராய்ச்சிக்குப் புதிய அடிப்படையை இட்டன. 1979 யூன் மாதம் அராபியக் கடலில் எழுந்த சுழலொன்று தென்மேற்குப் பருவக்காற்றை இந்தியக் கரைக்கு இழுத்துவந்த முறையை, புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தி. ந. கிருஷ்ணமூர்த்தியும் அவர்தம் கூட்டாளரும் அத்தரவுகளைக் கொண்டு விரிவாக ஆராய்ந்தனர். பருவக்காற்றின் வருகையை நாட்டுப்புறத்தார் ஒரு திருநாளைப்போல் எதிர்நோக்கியிருப்பர். அவ்வருகையின் உள்ளமைப்பு இத்துணைத் தெளிவாக முன்னர் காணப்பட்டதில்லை. ஆனால் ஆண்டு முடிய, கோஸ் 1 விடைபெற்றது. ஐரோப்பாவின் மெற்றியோசற் 1 செய்மதியின் படக்கருவியும் பரிசோதனை முடிவதற்கு ஆறு நாள் இருக்கையில், 1979 நவம்பர் 24ஆம் திகதி, பழுதாயிற்று. இந்து சமுத்திரத்தின் மேல் வானம் மீண்டும் வெறுமையாயிற்று.

அடுத்து வந்தது இந்தியா. 1982 ஏப்பிரலில் ஏவப்பட்ட இன்சற் 1அ சில திங்களிற் செயலிழந்தது. 1983 ஓகஸ்ட் 30ஆம் திகதி சலெஞ்சர் விண்ணோடத்திற் சென்ற இன்சற் 1ஆ நிலைபெற்றது. தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலை ஆகிய மூன்று பணிகளையும் ஒரே செய்மதியில் அமைத்தமை, செல்வம் குறைந்த பெருநாடொன்றின் சிக்கனத்துக்கு ஏற்ற திட்டம். ஆனால் அதன் முகிற்படங்களின் முழுத்தரவு அயலாருக்குத் தடையின்றிக் கிடைக்கவில்லை. படங்களிலிருந்து கணித்த காற்றளவுகள் போன்றவையே உலக வலையிற் பரிமாறப்பட்டன. ஆகவே கண் இருந்தும் உலகக் கணிப்பு மையங்களுக்கு இக்கடல் அரைக்குருடாகவே தோன்றியது. இந்தியாவைத் தனியே குறைகூறுதல் பொருந்தாது. அதே காலத்தில் மேற்கைரோப்பிய நாடுகள் சில வானிலைத் தரவை விற்பனைப் பொருளாக்க முயன்றன. நூற்றாண்டு வழக்கமாகிய விலையற்ற பரிமாற்றமே ஆட்டங்கண்டது. 1995ஆம் ஆண்டு ஜெனீவாவிற் கூடிய மாநாடு நெடிய விவாதத்தின் பின் 40ஆம் இலக்கத் தீர்மானத்தை இயற்றி, உயிருக்கும் உடைமைக்கும் வேண்டிய இன்றியமையாத் தரவுகளைத் தடையின்றி வழங்குதல் வேண்டும் எனவும், ஏனையவற்றுக்கு நிபந்தனை இடலாம் எனவும் வரையறுத்தது. அது வெற்றியன்று, சமரசமே. 1997இல் இந்தியாவும் அமெரிக்காவும் இன்சற் தரவுப் பரிமாற்றத்துக்கென உடன்பாடு செய்துகொண்டன. சோவியத்து ஒன்றியம் வாக்களித்த செய்மதியோ, அவ்வொன்றியமே மறைந்தபின், 1994 ஒக்டோபர் 31ஆம் திகதி உருசியாவினால் ஏவப்பட்டது. வாக்கு நிறைவேறினும் கருவி நன்கு தொழிற்படவில்லை.

இதற்கிடையே, இரவல் கொடுக்கும் வழக்கம் வேறு கடல்களிற் பரவியிருந்தது. அமெரிக்கரின் செய்மதிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி, 1989இன் பின் கோஸ் 7 ஒன்றே எஞ்சியபோது, ஐரோப்பியர் தம் மெற்றியோசற் 3ஐ 1991இல் மேற்கு நோக்கி நகர்த்தி அத்திலாந்திக்கின் மேற்பகுதியைக் காத்தனர். 1992 ஓகஸ்டில் புளோரிடாவை அழித்த அன்றூ சூறாவளியை நோக்கிய கண்களுள் அதுவும் ஒன்று. 1999 நவம்பரில் யப்பானின் புதிய செய்மதி ஏவுகையிலேயே அழிந்தது; பழைய செய்மதி மூப்படைந்ததும், 2003 மே மாதம் முதல் 2005 வரை அமெரிக்கரின் கோஸ் 9 யப்பானுக்காகப் பசிபிக்கின் மேல் நின்றது. இன்று கொடுப்பவன் நாளை கேட்பவனாவான் என்பதை இந்நாடுகள் பட்டறிவால் அறிந்திருந்தன.

இந்து சமுத்திரத்துக்கும் அவ்வழக்கத்தின் பயன் 1998இற் கிட்டியது. தென்னாசியாவிலிருந்து கடலின் மேற் பரவும் மாசுப்புகாரை ஆராய, ராமநாதன், கிறுட்சன் ஆகிய அறிஞரின் தலைமையில் இந்து சமுத்திரப் பரிசோதனை நடைபெறவிருந்தது. ஐரோப்பிய வானிலைச் செய்மதி நிறுவனம் தன்னிடம் மேலதிகமாயிருந்த மெற்றியோசற் 5ஐக் கிழக்கு 63 பாகைக்கு நகர்த்தியது. ஆராய்ச்சி முடிந்தது 1999இல், செய்மதி திரும்பவில்லை. கண்ணிருந்த இடத்தைக் குருடாக்கிவிட்டுச் செல்ல எவருக்கும் மனம் வரவில்லை போலும். ஐரோப்பாவின் சொந்த முன்னறிவிப்புக்கும் அத்தரவு பயன்பட்டது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. பத்து நாளைக்கு முன்னறிவிக்க விரும்புவோனுக்கு உலகின் எப்பகுதியும் அயலன்று. சில திங்களுக்கென அனுப்பப்பட்ட மெற்றியோசற் 5 ஏறத்தாழ ஒன்பது ஆண்டு அங்கே நின்றது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி இக்கடலின் கரைகளைச் சுனாமி அழித்தபோது, கடல்மட்டத்தை அளக்கும் அமெரிக்க, பிரெஞ்சுக் கூட்டுச் செய்மதியாகிய யேசன் 1, நிலநடுக்கம் நிகழ்ந்து சுமார் இரண்டு மணி நேரத்தின் பின் தற்செயலாக அக்கடலைக் கடந்து, திறந்த கடலில் அரை மீற்றருக்குச் சற்று மேற்பட்ட அவ்வலையின் உயரத்தைப் பதிந்தது. அப்பதிவு ஆய்வாளர் கைக்கு வந்தது பல மணி நேரத்தின் பின்னரே. இலங்கையின் கிழக்குக் கரையை அலை அதற்கு முன்னரே அடைந்துவிட்டது. 1970இன் பாடம் வேறு வடிவில் மீண்டது. பின்னர் அமைக்கப்பட்ட சுனாமி எச்சரிக்கை ஒழுங்கில், கடல்மட்டக் கருவிகளின் அளவீடுகளை நிலையங்களுக்கு அஞ்சல் செய்யும் பணியும் இந்து சமுத்திரத்தின் மேல் நின்ற மெற்றியோசற்றுக்குக் கிடைத்தது.

மெற்றியோசற் 5 ஓய்வுபெற, மெற்றியோசற் 7 அவ்விடத்தை ஏற்றது. 2016இல் மெற்றியோசற் 8 வந்தது. 2022இல் மெற்றியோசற் 9 வந்து கிழக்கு 45.5 பாகையில் நிலைகொண்டது. இவையனைத்தும் ஐரோப்பாவின் மேற் பணி முடித்துவந்த பழைய செய்மதிகளே. 45.5 பாகையிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு, 80 பாகையிலுள்ள இலங்கை மையத்திலிருந்து விலகிச் சாய்வாகவே தோன்றும். ஆதலின் கிழக்குப் பாதிக்கு வேறு கண்கள் வேண்டும். இந்தியா 2013இல் ஏவிய இன்சற் 3ஈயும் அதன் பின்வந்தனவும், சீனா 2018இல் ஏவி 79 பாகையில் நிறுத்திய செய்மதியும், உருசியாவின் எலெக்ற்றோ வரிசையும் அப்பணியைப் பங்கிட்டுக்கொண்டன. ஐரோப்பா, இந்தியா, சீனா, உருசியா ஆகிய நான்கும் இக்கடலைக் கூடிக் காக்கும் ஒழுங்குக்கு 2016ஆம் ஆண்டிலே வந்தன. எல்லைப்பூசலும் பொருளாதாரத் தடையும் தம்முள் நிகழ்ந்த ஆண்டுகளிலும் அவற்றின் படங்கள் பரிமாறப்பட்டுவந்தன. மெற்றியோசற்றின் இந்து சமுத்திரப் பணிக்கு ஐரோப்பிய நிறுவனம் இட்டிருக்கும் நிபந்தனையோ மிகச் சிறியது: அது ‘இயன்ற அளவில்’ வழங்கப்படும் பணியென்பதே.